எந்த முகத்துக்கு எந்த முடி?

பெண்கள் பத்திரிகைகளின் அழகுப் பக்கத்தில் அந்த அட்டவணை அடிக்கடி தலைகாட்டும். வட்டம், சதுரம், நீளம், இதயம், வைரம், முக்கோணம், முட்டை என்று ஏழு முகக் கோடுகள். ஒவ்வொன்றின் கீழும் ‘இது எடுப்பாக இருக்கும், இதைத் தவிருங்கள்’ என்று இரண்டு வரி. இப்போது அதே அட்டவணை கைப்பேசிச் செயலிக்குள் குடியேறிவிட்டது. செல்ஃபி எடுத்துக் கொடுத்தால் அரை நிமிடத்தில் ‘உங்களுடையது இதய முகம்’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. பியூட்டி பார்லர் சுவரிலும் அதே படம்தான். இத்தனை பேர் நம்பி முடியைக் கொடுக்கும் ஒரு விதிக்கு அடிப்படை எது, அதில் எவ்வளவு தேறும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் வேலை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடி முகத்தை மாற்றிக் காட்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த முடி என்று முடிவெடுப்பதில் முகக் கோட்டுக்கு இருக்கும் பங்கு, அட்டவணை கொடுப்பதில் பாதிகூட வராது. மீதியெல்லாம் முடியின் சுபாவம், சுழி, நம் ஊர்க் காற்றின் ஈரம், காலையில் கண்ணாடி முன் நிற்க நமக்கு இருக்கும் பொறுமை.

ஒப்பனை அறையில் பிறந்த சட்டம்

ஏழு முகக் கணக்கைப் பரப்பியது ஹாலிவுட். விக் கட்டுவதில் கெட்டிக்காரரான ஜார்ஜ் வெஸ்ட்மோர் என்ற இங்கிலாந்துக்காரர் 1917-இல் அங்கே ஒரு ஸ்டூடியோவுக்கென்று ஒப்பனைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அவருடைய ஆறு மகன்களும் அதே தொழிலுக்கு வந்து, பெரிய பெரிய ஸ்டூடியோக்களின் ஒப்பனைப் பிரிவுகளைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 1935-இல் சகோதரர்கள் சன்செட் புலிவார்டில் சொந்தமாக அழகு நிலையம் திறந்தார்கள். அவர்கள் பெயரில் வந்த கையேடுகள் முகத்தை ஏழாக வகுத்து, முட்டை முகமே முழுமையானது என்று அறிவித்து, மற்ற ஆறையும் திருத்தப்பட வேண்டியவையாக வைத்தன. அதே ஊரில் ஒப்பனைக் கலைஞர் மாக்ஸ் ஃபேக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1932 வாக்கில் அவர் செய்த கருவி, உலோகப் பட்டைகளும் திருகுகளும் கொண்ட ஒரு கூண்டு. அதை நடிகையின் தலையில் மாட்டித் திருகித் திருகி, எந்த இடத்தில் எவ்வளவு ‘குறை’ என்று அளந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு-வெள்ளை பிலிம், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் காமிரா, பலமான விளக்கு. இவை மூன்றும் சேர்ந்தால் முகத்தின் ஆழம் போய்த் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை முகம் சுவர் அளவுக்குப் பெரிதாகித் திரையில் விழும்போது தாடை அரை விரற்கடை கூடினாலும் கண்ணில் குத்தும். அவர்களுக்கு நேர்முகத் தோற்றமே பிழைப்பு. நாமோ காமிரா முன் அசையாமல் உட்கார்ந்து வாழ்வதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பது நம் காதோரத்தை. பின்வரிசைப் பிள்ளை பார்ப்பது பிடரியை. மண்டையின் பின்புறம் தட்டையா உருண்டையா என்பது குட்டை முடி வெட்டிக்கொள்ள நினைப்பவருக்கு முகக் கோட்டைவிட முக்கியம். ஏழு படங்களில் ஒன்றுகூட அதைக் காட்டாது. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த அன்றுதான் பலருக்கும் தங்கள் தலையின் உண்மையான உருவம் தெரியவருகிறது.

முட்டை முகம் முழுக்க மேற்கத்திய ஆசை என்று தள்ளிவிடவும் முடியாது. அவனீந்திரநாத் தாகூர் இந்தியச் சிற்ப அங்க இலக்கணம் பற்றி எழுதிய சிறு நூல் 1914-இல் கல்கத்தாவில் வெளிவந்தது. தெய்வ முகத்துக்குக் கோழிமுட்டை வடிவத்தைச் சிற்ப நூல் மரபு சொல்வதை அவர் அதில் எடுத்துக்காட்டுகிறார்; வெற்றிலை வடிவ முகத்தையும் பேசுகிறார். நம் ஸ்தபதிகளின் தாலமானக் கணக்கிலும் முகம் மூன்று சம பங்கு: நெற்றி ஒன்று, மூக்கு ஒன்று, மூக்கடியிலிருந்து மோவாய் வரை ஒன்று. ஐரோப்பிய ஓவியர்களும் இதே மூன்று பங்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கனடாவின் லெஸ்லி ஃபார்காஸ் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் உயிருள்ள இளைஞர்களின் முகங்களை அளந்து 1985-இல் வெளியிட்ட முடிவு, இந்தச் சம பங்கு பெரும்பாலான முகங்களில் இல்லவே இல்லை என்பது. சிலைக்கு வகுத்த இலக்கணத்தைச் சதைக்கும் எலும்புக்கும் பொருத்திப் பார்த்தால் எல்லாருமே குறைப்பட்டவர்களாகத்தான் தெரிவோம்.

வட்ட முகத்துக்கு அட்டவணை சொல்லும் முதல் அறிவுரை, ‘நீளமாகக் காட்டுங்கள்’. ஏன் காட்ட வேண்டும்? முழுநிலா மாதிரி முகம் என்று புகழ்ந்து பழகிய பேச்சு நம்முடையது. சாவித்திரி, கே.ஆர்.விஜயா இருவர் முகத்திலும் கன்னத்தின் உருட்சியை மறைக்கத் தமிழ்ப் படக்காரர்கள் யாரும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் வாரிக் கழுத்தடியில் பெரிய கொண்டை போட்டு, முழு முகத்தையும் வெளிச்சத்தில் வைத்தார்கள். ஜனம் அதைத்தான் விரும்பியது. ‘பொருத்தம்’ என்று அட்டவணை சொல்லும்போதெல்லாம் அதன் அடியில் ‘முட்டைக்கு எவ்வளவு அருகில்’ என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு முட்டையாக ஆசை இல்லையென்றால் பாதி விதிகள் அப்போதே உதிர்ந்துவிடும்.

கண் போடும் கணக்கு

ஆசை எதுவானாலும் சரி, முடிக்கு முகத்தை மாற்றிக் காட்டும் வல்லமை உண்டு. பவன் சின்ஹா, தொமாசோ போஜியோ என்ற இரு விஞ்ஞானிகள் 1996-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு படத்தை வெளியிட்டார்கள். அமெரிக்க அதிபர் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும் சேர்ந்து நிற்பதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உண்மையில் இரண்டு முகத்திலும் இருந்தது கிளிண்டனின் கண், மூக்கு, வாய். ஒன்றில் மட்டும் தலைமுடியும் முக ஓரமும் கோருடையவை. அந்த ஓரத்தை வைத்தே ‘இவர் கோர்’ என்று மூளை முடிவுகட்டிவிட்டது. கண்ணையும் மூக்கையும் பார்த்து ஆளை அடையாளம் காண்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் வேலை செய்வது சட்டகம். நண்பர் மீசையை எடுத்தபோது ‘என்னவோ மாறியிருக்கே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற நாம், தலையை மொட்டையடித்தவரை எதிரில் வந்தாலும் தெரியாமல் கடப்பதற்குக் காரணம் இதுதான்.

எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு பழைய கண்மாயத்தை எடுத்துக்கொள்ளலாம். பெல்ஜியத்தின் டெல்பூஃப் 1865-இல் விவரித்தது. ஒரு வட்டத்தைச் சுற்றி ஒட்டினாற்போல் இன்னொரு வட்டம் போட்டால் உள்வட்டம் பெரிதாகத் தெரியும். தள்ளிப் பெரிய வட்டமாகப் போட்டால் அதே உள்வட்டம் சிறுத்துவிடும். இதை முகத்துக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாலோ, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்து கன்னத்தோடு ஒட்டி விழுந்தாலோ முகம் பெரிதாகும். தள்ளி நிற்கும் அடர்த்தியான முடிக்கு நடுவே முகம் சின்னதாகும். ‘எனக்கு முகம் பெரிசு, அதனால் முடியைப் படிய வைக்கிறேன்’ என்பவர்கள் தங்களுக்கு எதிராகத் தாங்களே வேலை செய்கிறார்கள். பத்தாயிரம் கொடுத்து முடியை நூல் மாதிரி நேராக்கிக்கொண்ட பிறகு ‘முகம் ஏன் இப்படிப் பெரிதாகிவிட்டது’ என்று பார்லர் கண்ணாடியில் திகைப்பவர்களுக்கு டெல்பூஃபைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

எல்லாக் கைமருந்தும் இப்படி அறிவியலோடு ஒத்துப்போவதில்லை. ‘செங்குத்துக் கோடு நீளமாக்கும், குறுக்குக் கோடு அகலமாக்கும்’ என்பது தையல்காரர் முதல் ஹேர் ஸ்டைலிஸ்ட் வரை எல்லாரும் ஓதும் மந்திரம். 1867-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டு எழுதியது இதற்கு நேர் எதிர். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்றார் அவர். யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சன் உடைகளை வைத்துச் சோதித்தபோதும் குறுக்குக் கோடு யாரையும் பருமனாக்கவில்லை. ஆகவே ‘கோடு’ என்று தொடங்கும் அறிவுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ‘கனம்’ என்று தொடங்குவதை நம்பலாம். முடியின் கனம் எந்த உயரத்தில் கூடுகிறதோ அந்த உயரத்தில் முகம் அகலமாகும். வெட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே கண் போய் நிற்கும். தாடை அகலமானவருக்குத் தாடையிலேயே முடியும் பாப் கட்டிங் சரிவராததற்கும், அதையே இரண்டு விரற்கடை கீழே இறக்கினால் சரியாகிவிடுவதற்கும் இவ்வளவுதான் காரணம். ஏழு முகங்களுக்கான ஏழு பத்திகளையும் பிழிந்தால் இந்த இரண்டு விதிகள்தான் மிஞ்சும்.

சாதனாவின் நெற்றி

ஒரே முகம், ஒரே ஆண்டு, இரண்டு விடை. இப்படியொரு சாட்சி இந்தியாவிலேயே இருக்கிறது. 1960-இல் வந்த ‘லவ் இன் சிம்லா’ இந்திப் படத்துக்குச் சாதனா கதாநாயகி. நெற்றி அகலமானது. இயக்குநர் ஆர்.கே.நய்யார் அதை எப்படியாவது குறைக்க நினைத்தார். ஆட்ரி ஹெப்பர்ன் ‘ரோமன் ஹாலிடே’யில் வைத்திருந்த நெற்றிமுடியை மனத்தில் வைத்து, முன்முடியை வெட்டிப் புருவத்துக்கு மேலே விழச் செய்தார்கள். கதையிலும் அந்தப் பெண் சாதாரணமானவளாகத் தொடங்கி நாகரிகமாக மாறுகிறவள். வெட்டும் அதற்குப் பொருந்திப்போனது. ‘சாதனா கட்’ என்று காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை பரவியது. நெற்றி குறுகலான பெண்களும் வெட்டிக்கொண்டார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யாரும் ஸ்கேல் வைத்து நெற்றியை அளந்துகொண்டு போகவில்லை.

அதே ஆண்டு இயக்குநர் பிமல் ராய் தம்முடைய ‘பரக்’ படத்துக்குச் சாதனாவையே எடுத்தார். கிராமத்துப் போஸ்ட் மாஸ்டரின் மகள் பாத்திரம். நெற்றிமுடியைக் காணோம், வாரிப் பின்னிய எளிய கூந்தல், நூல் சேலை. சிம்லா படத்தில் மறைக்கவேண்டியதாக இருந்த அதே அகன்ற நெற்றி, இங்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு தெளிவைக் கொடுக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள், எனக்குத் தெரிந்தவரை, இரண்டாவதில் அவர் குறைந்துபோனதாகச் சொல்வதில்லை. நெற்றி அகலம் என்பது அளவு. அது குறையா நிறையா என்பது நீங்கள் யாராகத் தெரிய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்ணும் கல்யாண ரிசப்ஷனுக்கு நிற்கும் பெண்ணும் ஒருத்தியாகவே இருந்தாலும் ஒரே விடை இல்லை.

முதுகுப் பக்கத்து அழகு

தமிழ்ப் பெண்களின் பழைய கூந்தல் அலங்காரத்தில் முகவடிவக் கேள்வியே எழவில்லை. கத்தரிக்கு அங்கே இடமில்லை. பெண்ணின் முடியை வெட்டுவது என்றால் ஒன்று நேர்த்திக்கடன், இல்லையென்றால் கைம்மை. முன்னால் வகிடு எடுத்துப் படிய வாரியாயிற்று, வேலையெல்லாம் பின்பக்கம். பின்னல், கொண்டை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம், பூ எல்லாமே பின்னால் வருகிறவர் பார்ப்பதற்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் சாய்ந்த கொண்டை விதிவிலக்கு; ஒரு பக்கமாகச் சரிந்து நேரே நின்று தரிசிப்பவர் கண்ணிலும் படும்.

முகத்தைத் திருத்தும் வேலையை முடிக்குப் பதில் நகைதான் செய்தது. நெற்றிச்சுட்டி நீண்ட நெற்றியை இரண்டாகப் பிரித்துக் குறைக்கும். ஜிமிக்கி தாடையோரத்தில் ஆடி ஒட்டிய கன்னத்துக்கு அகலம் கொடுக்கும். பொட்டின் அளவும் உயரமும் புருவ இடைவெளியைச் சரிக்கட்டும். பரதநாட்டிய ஒப்பனையை அருகில் பார்த்தால் இது முழு முறையாகவே தெரியும். நெற்றிச்சுட்டியும் வகிட்டின் இருபுறமும் சூரிய, சந்திரப் பிரபைகளும் காதோரமாகப் போகும் மாட்டலும் சேர்ந்து, உள்ளே இருப்பது வட்ட முகமோ நீள முகமோ, வெளிக்கோட்டை ஒரே மாதிரி ஆக்கிவிடுகின்றன. அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரிவது நாட்டியக்காரியின் முகம் அல்ல, அந்தச் சட்டகம். வெஸ்ட்மோர் சகோதரர்கள் கத்தரியாலும் பவுடராலும் செய்ய முயன்றதை இங்கே தட்டான் செய்துகொண்டிருந்தார். இன்றைக்கும் முடியில் கை வைக்கத் தயங்குகிறவர்கள் தோட்டை மாற்றிப் பார்ப்பது உத்தமம். பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம்.

இந்த மரபில் ஒரு தீங்கும் உண்டு. இறுக்கி வாரி இறுக்கிப் பின்னுவதால் வேர்கள் இழுபட்டு, நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி பின்வாங்கும். 1907-இலேயே கிரீன்லாந்துப் பெண்களின் இறுக்கமான முடிக்கட்டைப் பார்த்து மருத்துவ உலகம் இதைப் பதிவுசெய்தது. ஆரம்பத்தில் நிறுத்தினால் முளைக்கும். வருடக் கணக்கில் தொடர்ந்தால் வேர் செத்துவிடும். பள்ளிக்கூடத்தில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை, கல்லூரியில் உச்சிக் குதிரைவால், வேலைக்குப் போனபின் இழுத்துச் சொருகிய கொண்டை என்று இருபது வருடம் போனால் நெற்றி மெல்ல ஏறிவிடுகிறது. பிறகு ‘எனக்கு ஏறு நெற்றி, என்ன ஸ்டைல் பொருந்தும்?’ என்ற கேள்வி வருகிறது. முகவடிவம் பிறவியில் வந்து அப்படியே நிற்பதல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். பெண் குழந்தைகளுக்குத் தலை வாரும் கைகள் கொஞ்சம் தளர வாரட்டும். பள்ளிகள் ஒழுங்கு கேட்கின்றன, சரி. ஒழுங்குக்கு இவ்வளவு இறுக்கம் தேவையில்லை.

சுழி, ஈரம், சுருட்டை

அனுபவசாலியான முடிதிருத்துநர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உச்சியைப் பார்ப்பார். துண்டைப் போர்த்தியதும் விரல்களைப் பிடரியிலிருந்து மேலே விட்டுக் கோதுகிற அந்த ஒரு கணத்தில், சுழி எங்கே, எந்தப் பக்கம் சுழல்கிறது, ஒன்றா இரண்டா, முன்நெற்றியில் முடி எதிர்த்து நிற்கிறதா என்று கணக்கெடுத்துவிடுவார். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று ஊரில் சொல்வார்கள். கல்யாணம் எப்படியோ, ரெட்டைச் சுழிக்காரருக்கு உச்சியில் முடியை ஒட்ட வெட்டினால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் என்பது நிச்சயம். நெற்றியில் முடி வலப்பக்கம் ஓடுகிறவருக்கு வலப்பக்கமே வகிடு எடுத்தால் தினமும் சண்டைதான். அட்டவணை உங்களுக்கு நேரான நெற்றிமுடி விதித்திருக்கலாம். நெற்றியோரத்தில் ஒரு சுழி இருந்தால் அது பத்து நிமிடத்தில் இரண்டாகப் பிளந்துவிடும்.

அடுத்தது ஈரம். டிரையர் வைத்து உப்பவோ நேராகவோ நிறுத்திய முடியைப் பிடித்து வைத்திருப்பது முடிப்புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் பட்டால் அவை அவிழ்ந்து வேறு இடத்தில் பிணைந்துகொள்ளும். தண்ணீர் கொட்ட வேண்டும் என்பதில்லை, காற்றின் ஈரமே போதும். ஈரத்துக்கு முடி இவ்வளவு நுட்பமாக அசைந்துகொடுக்கும் என்பதைக் கொண்டுதான் ஜெனிவாவின் சோசூர் 1783-இல் காற்றின் ஈரத்தை அளக்க மனித முடியையே கருவியாக்கினார். வறண்ட காற்றிலிருந்து நிறை ஈரத்துக்குப் போகும்போது முடி ஏறக்குறைய 2.5 சதவீதம் நீளும். பாரிசிலோ நியூயார்க்கிலோ எடுத்த படத்தைக் காட்டி வெட்டிக்கொண்ட முடி, சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ மதியம் இரண்டு மணிக்கு வேறு முடி. காலையில் கன்னத்தை மறைத்த லேயர், மதியம் கழுத்து வியர்வையில் ஒட்டிக்கிடக்கும். கடலோர ஊர்க்காரர்கள், உலர்த்தி நிறுத்தினால் மட்டும் அழகாக இருக்கும் வெட்டை எடுக்கவே வேண்டாம் என்பேன். லண்டனின் சிகை அலங்காரக்காரர் விடால் சாசூன் 1960-களில் புகழ்பெற்றது இந்த இடத்தில்தான். ரோலர், ஸ்பிரே எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, குளித்து உதறினால் தானே வந்து உட்காரும்படி, எலும்பமைப்பையும் முடி விழும் திசையையும் பார்த்து வெட்டினார். அவருடைய கூர்மையான கோண வெட்டு நம்மில் பலருக்குச் சரிவராமல் போகலாம். அந்தத் தர்க்கம் சென்னைக்கென்றே செய்தது.

சுருட்டை முடிக்காரர்களுக்கு முகவடிவ அட்டவணை ஏறக்குறைய பயனற்றது. அதன் படங்கள் எல்லாம் நேர் முடிக்கு வரைந்தவை. ஈரத்தில் தோள்வரை இருக்கும் சுருள், உலர்ந்ததும் காதுக்கு ஏறிவிடும். ஆகவே நனைத்து இழுத்து வெட்டுகிறவரிடம் சுருட்டையைக் கொடுக்கக் கூடாது. உலர்ந்த நிலையில் ஒவ்வொரு சுருளாகப் பார்த்து வெட்டுகிறவரைத் தேட வேண்டும். அப்படி ஆள் கிடைத்தால் சுருட்டை முடியைப் போல முகத்துக்கு இணக்கமானது வேறில்லை. தள்ளி நிற்கும் அடர்த்தி இயல்பாகவே இருக்கிறது. டெல்பூஃப் வேலையை அது தானே செய்துவிடுகிறது. சுருட்டையை நேராக்கவென்று செய்யப்படும் சில ‘கெரட்டின்’ சிகிச்சைகளில் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிப்படுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்த பொருள் அது. மாதம் ஒருமுறை போகிற வாடிக்கையாளரைவிட, தினமும் அந்தப் புகையில் நிற்கும் பார்லர் பெண்ணை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

பென்சிலும் செல்ஃபியும்

முகத்தை அளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அளக்கிற முறைகள்தான் சிரிப்பை மூட்டுகின்றன. பிரிட்டிஷ் சிகை அலங்காரக்காரர் ஜான் ஃப்ரீடாவின் பெயரால் வழங்கும் பென்சில் விதி ஒன்று உண்டு. மோவாய்க்கு அடியில் ஒரு பென்சிலைப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு, காதுமடலின் அடியிலிருந்து ஸ்கேலை நேராகத் தொங்கவிட வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஸ்கேல் காட்டும் அளவு 5.7 செ.மீ.க்குக் குறைவானால் குட்டை முடி, கூடினால் நீள முடி. தாடைக் கோணத்தைக் குத்துமதிப்பாக அளக்கிறது என்ற அளவில் இதில் விஷயம் இருக்கிறது. ஆனால் வயதாக ஆகக் காது நீளும். 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு குறிப்பு ஆண்டுக்கு 0.22 மி.மீ. என்று கணக்குச் சொன்னது. அப்படியானால் வருடம் ஏற ஏறக் குட்டை முடிக்கு நம் தகுதியும் கூடிக்கொண்டே போக வேண்டும். பாம்படம் போட்டுத் தோளைத் தொடும்படி காது வளர்த்த நெல்லைச் சீமைப் பாட்டிமார்களிடம் ஃப்ரீடா ஸ்கேலைக் கொண்டுபோயிருந்தால், அத்தனை பேருக்கும் பாய் கட் விதித்திருப்பார்.

செல்ஃபி அதைவிட மோசம். முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் படத்தில் ஆணின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகப் பதிவாகும் என்று 2018-இல் அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவ இதழ் ஒன்றில் கணித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அந்தக் கோணல் ஏறக்குறைய மறைந்துவிடும். கிட்டத்தில் எடுத்த படத்தில் நடு முகம் முன்னே வரும், காதும் தாடையோரமும் பின்னே ஒதுங்கும். அகன்ற முகம்கூட ஒடுங்கித் தெரியும். அந்தப் படத்தைச் செயலிக்குக் கொடுத்து, அது சொன்ன வடிவத்துக்கு முடி வெட்டிக்கொள்வது, காமிராவின் முகத்துக்கு வெட்டிக்கொள்வதுதான். அளந்தே தீர வேண்டுமென்றால் முடியை முழுக்கப் பின்னால் கட்டி, வேறொருவரைக் கொண்டு ஐந்தடி தள்ளி நின்று, கண் மட்டத்தில், சற்றே ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலும் ஒன்று. அதில் வடிவத்தின் பெயரைத் தேட வேண்டாம். முகத்தில் உங்களுக்குப் பிடித்த இடம் எது, கண் அங்கே போக என்ன தடுக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நடைமுறையில் தேறியவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். முகத்தை நீட்ட வேண்டுமானால் உச்சியில் கனம் கூட்டி, கன்னத்தின் உயரத்தில் குறையுங்கள். நீள முகத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்வதோடு நெற்றிமுடியும் கைகொடுக்கும். சதுரத் தாடையை மென்மையாக்க விளிம்பு நேர்கோடாக இல்லாமல் கலைந்திருந்தால் போதும். மறைக்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை, தாடையெலும்பு தெளிவாக இருப்பது வயதானபிறகு பெரிய சொத்து. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நடு வகிடு அதற்குச் சாட்சிக்கோடு போடும். வகிட்டைக் கொஞ்சம் தள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போய் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளட்டும், நெற்றிமுடியும் ஃபிரேமும் ஒரே இடத்துக்குப் போட்டிபோடும். கழுத்து குட்டையென்றால் தோளில் மோதி வெளியே வளையும் நீளத்தைத் தவிர்க்கலாம்.

ஆண்கள் சலூனில்

ஆண்களுக்கு இந்தக் கேள்வி கிடையாது என்று நினைப்பது பழங்கதை. 1944-இல் வந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் மூன்று தீபாவளி கண்டு ஓடிய காலத்தில் பாகவதர் கிராப்பு வைக்காத இளைஞன் இளைஞனே இல்லை. பின்னால் வாரிப் பிடரியில் புரளும் அந்த முடி பாகவதரின் அகன்ற முகத்துக்கு எடுப்பாக இருந்தது. ஒட்டிய கன்னக்காரர்களும் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு ஸ்டெப் கட்டிங், டிஸ்கோ, ஸ்பைக், பாக்ஸ் என்று எதுவும் முகத்தைப் பார்த்து வந்ததில்லை. பள்ளி மாணவர்களுக்குப் பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு எல்லாம் வெட்டாதீர்கள் என்று தலைமையாசிரியர்கள் சலூன்காரர்களுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது சங்கதி. இரண்டு கரையையும் மிஷினால் ஒட்ட மழித்து உச்சியில் மட்டும் விடும் இந்த வெட்டு, உண்மையில் உருண்டை முகத்தை நீட்டிக் காட்டும் நல்ல வெட்டு. நீள முகப் பையன்களுக்குத்தான் அது பொருந்தாது. கடிதத்தில் அப்படிப் பிரித்து எழுதியிருந்தால் பையன்கள் கேட்டிருப்பார்களோ என்னவோ.

ஆண்களிடம் இன்னொரு கருவி இருக்கிறது, தாடி. மோவாயில் நீட்டிக் கன்னத்தில் குறைத்தால் முகம் நீளும். கன்னத்தில் அடர்த்தி விட்டால் ஒடுங்கிய முகம் நிரம்பும். கிருதா எந்த உயரத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் முகத்தின் அகலம் தீர்மானமாகும். காது நடுவிலா அடியிலா என்று சலூனில் கேட்பதை நம்மவர்கள் ‘உங்க இஷ்டம்’ என்று விட்டுவிடுகிறார்கள். முன்நெற்றி ஏறத் தொடங்கியவர்கள் செய்யும் முதல் தவறு மிச்ச முடியை நீளமாக விடுவது. ஒரு பக்கத்து முடியை வளர்த்து வழுக்கையின் மேல் பரப்பும் கலைக்கு 1977-இல் அமெரிக்காவில் தந்தையும் மகனுமாக இருவர் காப்புரிமையே வாங்கினார்கள். 2004-இல் நையாண்டிக்காகத் தரப்படும் இக் நோபல் பரிசு அதற்குக் கிடைத்தது. பக்க முடியை மூன்று, ஆறு மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டால், அதாவது மிஷினில் ஒன்று, இரண்டாம் நம்பர், உச்சிக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் மங்கி வழுக்கை பாதி மறைந்துபோகும்.

சலூனிலோ பார்லரிலோ நடிகர் படத்தை நீட்டுவதில் தப்பில்லை. உங்கள் முகத்தைப் போன்ற முகத்தைத் தேடாதீர்கள். உங்கள் முடியைப் போன்ற முடி, அதே அடர்த்தி, அதே சுருள் உள்ளவர் படமாக இருக்கட்டும். தினமும் தலைக்கு எத்தனை நிமிடம் செலவழிப்பீர்கள், எண்ணெய் வைப்பீர்களா, ஹெல்மெட் போடுவீர்களா என்பதையும் கத்தரி எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் உச்சிக் கனம் என்று ஒன்று கிடையாது. நெற்றிமுடி வெட்டிக்கொள்ள ஆசையானால் முதல் தடவை மூக்கு நுனி அளவில் நிறுத்தி, பக்கத்தில் ஒதுக்கிப் பார்த்து, ஒரு வாரம் கழித்து ஏற்றிக்கொள்ளலாம். தலைமுடி மாதத்துக்கு ஒரு செ.மீ.தான் வளரும், புருவத்தில் வெட்டியது மோவாய்க்கு இறங்க ஒரு வருடத்துக்குக் குறையாது, அதுவரை கிளிப் குத்திக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.